நடுவில் ஓர் இடைவெளி

மருத்துவமனைக் கணினி அறையில் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் கோடு கோடாகப் படுக்கவைத்திருக்கிறது. சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல், இங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியரின் பொறுப்பு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி நேற்று வீடு திரும்பியவரை அதிலிருந்து எடுக்க வேண்டும். கறுப்புத் திரையில், பட்டியலிலிருந்து ஆளை நீக்கும் ஸ்கிரிப்ட் என்ற சிறு கணினி நிரலின் பெயரை அடித்து, பக்கத்திலேயே அவருடைய எண்ணையும் அடிக்கிறாள்: 4721. ஸ்கிரிப்ட் எதிர்க்கேள்வி கேட்காது. கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு சட்டென்று காரியத்தை முடித்துவிடும். அதனால்தான் இங்கே அடித்தவர் என்டர் தட்டுவதில்லை. இன்னொருவர் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்துவிட்டுத் தட்ட வேண்டும். ஈரக்கையைத் துடைத்தபடி நர்ஸ் வந்து குனிகிறாள். “நாப்பத்தேழு...” என்று நிறுத்துகிறாள். “என்னக்கா, நடுவுல மூச்சு வாங்கிட்டீங்களா?” அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்கிறாள். 47-க்கும் 21-க்கும் நடுவே, விழுந்த பல்லின் இடம்போல ஓர் இடைவெளி. ஸ்கிரிப்டுக்கு அது இரண்டு எண்கள். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். “கட்டைவிரல் பட்டிருக்கும்மா,” என்கிறாள் மெதுவாக. மின்விசிறி சுற்றுகிறது. இடைவெளியை அழிக்கிறாள். “நாலாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு,” என்று படித்துவிட்டு நர்ஸ் என்டர் தட்டுகிறாள். ஒருவர் நீக்கப்பட்டார் என்கிறது திரை. மிச்சமிருப்பவர்களின் பட்டியல் திரையில் வரிசையாக இறங்குகிறது. எல்லோருக்கும் மேலே, முதல் வரியில், ஆறு வருடமாகக் காத்திருக்கும் 47. அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.