பொட்டு வைத்த போர்டு

"அம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

சந்திரசேகரன் போட்ட சத்தம் அந்த ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

லோகேஸ்வரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். மகன் கையில், சாமி மேடையிலிருந்து எடுத்த ஒரு பச்சை போர்டு. உள்ளங்கை அளவுதான். நடுவில் ஒரு சிப். சிப்பின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"பொட்டு வச்சிருக்கேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைக்கிறதுதானே."

சோபாவில் இருந்த யுகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் காட்டுவது அவன் தொழில். இந்த போர்டுக்காகவே விடியற்காலை கோலாலம்பூரில் கிளம்பி, கடல் பாலம் தாண்டி வந்திருந்தான்.

'மூன் ஃப்ராக்' என்று ஒரு கேம். தட்டுக்குத் தட்டு தாவி நிலாவுக்குப் போகும் தவளை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அதை விளையாடாத பிள்ளை கிடையாது. அது கடைக்கு வருமுன் இப்படி ஒரு போர்டில் செய்த முதல் மாதிரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குச் சோதனைக்கு வந்தது. அதோடு காணாமல் போனது. கேமைச் செய்த கம்பெனியிடமே வேறு பிரதி இல்லை.

அங்கே சூப்பர்வைசராக இருந்த தயாளன் வீட்டில் இருக்கலாம் என்று யாரோ சொல்லப்போய், ஒரு வருஷம் அலைந்து இந்த வீட்டைக் கண்டுபிடித்தான். அதற்குள் தயாளன் காலமாகிவிட்டார்.

"ஆண்ட்டி, இந்தச் சிப்புக்கு மேல ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதுல வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற கேம் அழிஞ்சிரும். அதுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. நீங்க ஸ்டிக்கரைப் பிச்சிட்டுப் பொட்டு வச்சிருக்கீங்க!"

"நான் பிக்கல தம்பி. அதுவா உதிர்ந்துருச்சு."

"எப்போ?"

"இவன் ஸ்கூல் போறப்ப."

"இருபத்தஞ்சு வருஷமா? போச்சு லா! ஜன்னல் வெயிலு, சாமி விளக்கு... ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

சந்திரசேகரன் அம்மா பக்கம் கையை நீட்டினான்.

"ரெண்டு வீடு மாறினோம் புரோ. பழைய சாமானையெல்லாம் அப்பாவே தூக்கிப் போட்டாரு. இதை மட்டும் பொக்கிஷமா வச்சிருந்திருக்காரு. அதையும் இவங்க விடல. மோட்டாருக்குப் பொட்டு, வாஷிங் மெஷினுக்குப் பொட்டு, இதுக்கும் பொட்டு!"

லோகேஸ்வரி கோப்பையை யுகேந்திரன் பக்கம் நகர்த்தினார்.

"மைலோ ஆறுது தம்பி, குடிங்க" என்றார்.

யுகேந்திரன் குடிக்கவில்லை. வந்ததற்கு இதையாவது காட்டலாம் என்று கேமராவை ஓட விட்டான்.

"நண்பர்களே, தயாளன் ஐயா இத்தனை வருஷம் கட்டிக் காத்த பொக்கிஷம், ஒரு பொட்டால போயிருச்சு. மூடநம்பிக்கை என்ன செய்யும்னு நீங்களே பாருங்க."

தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? கொண்டுவந்த கருவியில் போர்டைச் செருகி, லேப்டாப்பை டிவியோடு இணைத்தான்.

டிவி கறுப்பாகவே இருந்தது. யுகேந்திரன் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அப்போது டிவியில் நிலா வந்தது. முதல் தட்டில் ஒரு தவளை வந்து உட்கார்ந்தது.

"ஏய்! புரோ! உயிரோட இருக்கு!"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். குதித்து முடித்ததும் யுகேந்திரனுக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து, சந்தனத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. பழசைத் துடைக்காமல் வருஷா வருஷம் அதன் மேலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போயிருக்க வழியில்லை.

"சுரண்டாதீங்க தம்பி. வெளிச்சம் ஆகாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

லோகேஸ்வரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கேம் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார். தவளை ஒன்று, இரண்டு என்று தாவி மூன்றாவது தட்டின் ஓரத்தில் நின்றது.

"இங்க நின்னு கீழ் பட்டனை அமுக்கிக்கிட்டே குதிச்சா, சுவத்துக்குள்ள மாட்டிக்கும் பாருங்க."

தவளை சுவருக்குள் மாட்டிக்கொண்டு துடித்தது. கடைக்கு வந்த கேமில் அப்படி மாட்டியதாக யுகேந்திரன் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆண்ட்டி... உங்களுக்கு எப்படி?"

"இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்ததே நான்தான். அந்தத் தொழிற்சாலையில நாலு வருஷம், கேமை விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டரா இருந்தேன். இவன் வயித்துல வந்ததும் வேலையை விட்டேன். தூக்கிப் போடற போர்டுதானே, ஞாபகமா வச்சுக்கன்னு மேனேஜர் கொடுத்தாரு. இந்தக் கண்ணாடி சமாச்சாரமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் கொடுத்துருவாங்க."

சந்திரசேகரன் வாயைப் பிளந்தான்.

"அப்போ இது அப்பாவோடது இல்லையா? ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ எப்பப்பா கேட்ட?"

யுகேந்திரனுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

"அவ்வளவு தெரிஞ்ச நீங்க, ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாமே ஆண்ட்டி? எதுக்குச் சாமி மேடை, சந்தனம், குங்குமம்?"

கேமரா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லோகேஸ்வரி, சுவரில் மாலையோடு இருந்த கணவர் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"டேப்தான் முதல்ல ஒட்டினேன் தம்பி. ரெண்டு தடவை இவங்கப்பா இதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில போட்டாரு. ரெண்டு தடவையும் கீழ இறங்கிப் போய்ப் பொறுக்கிட்டு வந்தேன். பொட்டு வச்சதுக்கப்புறம் அவரு கை வைக்கல."