நண்டூருது

லூர்துவின் காதுக்குள் ஒரு குரல் ஓயாமல் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்ன மனநல டாக்டர், அன்றைக்கு நரம்பு டாக்டரையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நரம்பு டாக்டர் அவனுடைய உள்ளங்கையை அவனையே விரலால் வருடச் சொன்னார். வருடினான். அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு நெளிந்து நெளிந்து சிரித்தான். அக்கா ஜெசிந்தா தன் கையையும் வருடிப் பார்த்தாள். கூசவே இல்லை.

"நம்ம விரல்தான் தொடப்போகுதுன்னு மூளை முன்னாடியே தனக்குச் சொல்லிக்கும். சிலருக்கு அந்தச் சேதி சரியாப் போய்ச் சேர்றதில்ல" என்றார் நரம்பு டாக்டர்.

"குரலும் அப்படித்தாம்மா இருக்கணும். நினைக்கிறது தம்பிதான். வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது" என்றார் மனநல டாக்டர்.

மருந்து வாங்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் லூர்து கேட்டான். "அக்கா, அப்ப என்னைத் திட்டுறதெல்லாம் நான்தானா?"

ஜெசிந்தா அவன் கையை இழுத்து மடியில் வைத்து, சின்ன வயதில் செய்ததுபோல நண்டையும் நரியையும் ஊர விட்டாள். விரல் அக்குளை எட்டுமுன்பே அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு சட்டென்று தலையைச் சாய்த்தான். குரல் வரும்போது அப்படித்தான் சாய்ப்பான்.

"என்னடா சொல்லுது?"

"அக்காவுக்கு முடி நரைச்சிருச்சாம். நான்தான் பத்திரமாப் பாத்துக்கணுமாம்."

"அதுதான்டா நீ" என்றாள் ஜெசிந்தா.