தோளில் ஒட்டிய நுரை

சாம்பல் ஆற்றுக்குள் இறங்கவே இல்லை. சென்னியப்பன் கலயத்தைக் கவிழ்த்த இடத்தில் நுரை இடுப்புயரம் நின்றது. அவர் மனைவி பழனாத்தாள் அதன் மேல் ஒரு பிடி சாம்பலாகப் படிந்து கிடந்தாள். ஆற்றின் மேல்புறமிருக்கும் சாயப்பட்டறையில் இருபது வருடம் கழிவுநீர் வால்வைத் திறந்துவிட்டவர் அவர்தான். வேலை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் சட்டையில் நுரை ஒட்டியிருக்கும். "உதறிட்டு உள்ள வாங்க" என்று பழனாத்தாள் வாசலிலேயே நிறுத்திவைப்பாள்.

ஒரு குச்சியை எடுத்து நுரையைக் கலைத்துப் பார்த்தார். கலைத்த இடம் உடனே மூடிக்கொண்டது.

"நின்னுட்டே இருக்காதீங்க" என்றார் சடங்கு செய்துவைத்த பண்டாரம். "இதுல குளிக்க வேண்டாமுங்க, உடம்பெல்லாம் அரிக்கும். இந்தக் கேன் தண்ணியத் தலையில தெளிச்சுக்கிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிருங்க. பாத்தீங்கன்னா அவங்க போக மாட்டாங்க."

கூட வர யாருமில்லை. கழுத்தைத் திருப்பாமல் பாலத்தின் மேல் நடந்தார். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசியது. ஆற்று நுரை துண்டு துண்டாகக் கிளம்பி, தார்ச்சாலையில் உருண்டு, அவரை முந்திக்கொண்டு ஓடியது. ஒரு துண்டு மட்டும் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. அதன் வெள்ளைக்குள் கொஞ்சம் சாம்பல் இருந்தது. பழக்க தோஷத்தில் தட்டிவிடப் போன கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகும் அவர் உள்ளே போகவில்லை. உதறச் சொல்லட்டும் என்று, தோளை அசைக்காமல் வாசலிலேயே நின்றார்.