ஹென்ட்ரிக்ஸ் கட்சி

"பிரதாப்புக்குப் பிடிக்கணுங்க. அதுதான் முக்கியம்" என்று கணேசமூர்த்தி முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் பிரதாப்பும் யோகராணியும் உள்ளறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று குரல்கள் உயர்ந்தன.

"கிட்டார்னா ஹென்ட்ரிக்ஸ்தாங்க! மத்தவங்க எல்லாம் அப்புறந்தான்."

"சும்மா இருங்க பிரதாப். பி.பி. கிங் ஒரே ஒரு தந்திய இழுத்தா நெஞ்சு உருகிடும்."

"அப்ப கிளாப்டன்?"

"அவரும் கிங்குக்குப் பின்னாலதான்!"

யோகராணியின் அண்ணன் பதறி எழுந்தார். "மொத நாளே சண்டையா! மன்னிச்சுக்குங்க. அவ சின்ன வயசுலேருந்தே பாட்டுப் பைத்தியம்."

"இவனும் அப்படித்தாங்க." லிந்துலையின் மலைக்குளிரிலும் கணேசமூர்த்திக்கு வியர்த்தது. புதுச்சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். இந்த இடமும் தட்டிப்போய்விடும் போலிருந்தது.

கதவு திறந்தது. பிரதாப்பின் முகம் உர்ரென்று இருந்தது. பின்னால் யோகராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னடா, பிடிக்கலையா?"

"ஹென்ட்ரிக்ஸோட அருமையே தெரியலப்பா இவங்களுக்கு. வீட்டுல தெனமும் சண்டைதான் வரும்." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வரட்டும்பா. அம்மா போனதுலேருந்து நம்ம வீட்டுல சத்தமே இல்ல. எனக்கு இந்தச் சித்திதான் வேணும். இனி நீங்க உள்ள போயி பேசுங்க, மாப்பிள்ளை நீங்கதானே!"