அப்பகுதியில் சோகம்

நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், யார் செத்தாலும் கடைசி வரியாக "இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியது" என்று நாற்காலியை விட்டு எழாமலே எழுதித் தள்ளியவர் தணிகைவேல். அந்தப் பகுதி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது அந்த ஜம்பமெல்லாம் செல்லாது. எந்தச் சொல்லையும், அது நிஜம்தானா என்று கருவியில் அளந்து பார்த்த பிறகுதான் அச்சேற்றுகிறார்கள்.

மனைவி புனிதவதி இறந்த மறுநாள், அதே நாளிதழிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், நீங்க கேட்ட கடைசி வரியைப் போட முடியல. உங்க குடியிருப்புல நானூறு பேர் இருக்காங்க. கருவியில சோகம் உங்க ஒருத்தர்கிட்டதான் காட்டுது."

"'பெரும்'ங்கிறதை எடுத்துடும்மா."

"எடுத்துட்டேன் சார். 'அப்பகுதி'தான் இடிக்குது."

"எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட்ல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரேம்மா!"

"அது மரியாதை சார், அது சேராது. குறைஞ்சது ரெண்டு வீடாவது வேணும். ஆறு மணி வரைக்கும் பார்க்கறேன்."

மணி ஐந்தரை. தணிகைவேல் சட்டையை மாட்டிக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

"என்ன சார், ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க. என் சம்சாரத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிட்டுப் போயிடறேன். உள்ளே வரலாமா?"