அட்டை இல்லாத கண்

கண்புரை ஆபரேஷனில் பேச்சியம்மாளுக்கு வைத்த லென்ஸ், பார்ப்பதையெல்லாம் படம்பிடிக்கும். பத்திரிகையாளர் அட்டை இல்லாதவர்கள் விபத்தைப் படம்பிடிப்பது குற்றம். லென்ஸ் சட்டத்தை மீறாது; படம்பிடிக்கக் கூடாததைக் கண்ணுக்கே காட்டாது. அதனால் பட்டாசு ஆலை வாசலில் கிடத்தியிருந்த ஐந்து உடல்களும் அவளுக்கு வெறும் சாம்பல்நிற மங்கலாகத்தான் தெரிந்தன. காலை ஷிஃப்டுக்கு வந்த மகள் செல்வராணி போனை எடுக்கவில்லை.

போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால், கழுத்தில் அட்டையோடு நின்ற நிருபரைக் கூப்பிட்டாள். "தம்பி, உங்க கண்ணுக்குத் தெளிவாத் தெரியும்ல. பச்சைச் சுடிதார், இடது கையில வெள்ளிக் காப்பு. அப்படி யாரும் இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

"செய்தி வர்றதுக்கு முன்னாடி சொன்னா என் அட்டையப் பறிச்சிருவாங்கம்மா."

"சொல்ல வேண்டாம். பாத்தா மட்டும் போதும்."

அவன் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அவன் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.