வடத்தின் மேல் ஒரு கம்பளி

தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் வடகரை ஓடை நடுவில் புதைந்து கிடக்கிறது. வெள்ளம் படியைத் தொட்டுவிட்டது. பின்னால் பேச்சித்தாய் பிரசவ வலியில் முனகுகிறாள். ஜீப்பின் முகப்பில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் இரும்பு வடம் கரையோர மருதமரம்வரை விறைத்து நிற்கிறது. நடுவே ஓர் இழை பிரிந்திருப்பதை டிரைவர் துல்கர்னைன் பார்த்துவிட்டான். அறுந்தால் கண்ணாடியைப் பிளந்துகொண்டு அவள்மேல்தான் பாயும். வடத்தின்மேல் கனத்த ஈரத்துணியைப் போட்டால்தான் அறுந்தாலும் துள்ளாது. அவள் புருஷன், கடற்கரை என்பவன், மரத்தடியில் நின்று வடத்தைக் கையாலேயே இழுக்கிறான். “ஏலே, விடுலே! அறுந்தா ஆளைத் துண்டாக்கிரும், தள்ளிப் போ!” துல்கர்னைன் கத்துகிறான். இருக்கிற ஒரே கம்பளி அவள்மேல் கிடக்கிறது. துல்கர்னைன் அதையும் வடத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். அவளே உருவி நீட்டுகிறாள். “போடுங்க அண்ணாச்சி.” அவன் இறங்கி, அதைத் தண்ணீரில் முக்கி, வடத்தின்மேல் தொங்கவிட்டு வந்து வின்ச் லீவரைத் தள்ளுகிறான். ஜீப் ஒரு சாண் நகர்கிறது. டிங்கென்று இன்னோர் இழை தெறிக்கிறது. அவன் கை லீவரை விடப் போகிறது. “நிறுத்தாதிய அண்ணாச்சி,” பின்னாலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுகிறாள், “தலை வந்துட்டு.”